அரசியலுக்குத் தேதி உண்டு

2016 டிசம்பர் 5 மாலை. ஜெயலலிதா இறந்துவிட்டதாகத் தமிழ்ச் செய்திச் சேனல்கள் சில அறிவித்தன. அதிமுக தலைமை அலுவலகத்தில் கட்சிக்கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அப்பல்லோ மருத்துவமனை மறுப்பு வெளியிட்டது. சேனல்கள் செய்தியைத் திரும்பப் பெற்றன, கொடி மறுபடி மேலே ஏறியது. நள்ளிரவைத் தாண்டிய பிறகுதான் அதிகாரபூர்வ அறிக்கை வந்தது: இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது. விடிவதற்குள் ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்றும் முடித்துவிட்டார்.

முந்தின நாள் மாலையில் இருந்தே டிவியை விட்டு எழுந்திருக்காதவருக்கு அந்த முப்பது மணி நேரத்தில் கிடைத்தது என்ன? ஒரு தவறான செய்தி, அதற்கு ஒரு மறுப்பு, கடைசியில் ஒரு அறிக்கை. மிச்ச நேரம் முழுக்க கிரீம்ஸ் சாலையின் தடுப்பு வேலிகள், வாசலுக்குள் நுழையும் கார்கள், அந்தக் காரில் யார் என்ற ஊகம். காலையில் பேப்பர் வாங்கியவருக்கும் இதே விஷயம் தெரிந்தது, தவறான செய்தி ஒன்றைத் தவிர.

அந்த இரவைக் குறை சொல்ல மாட்டேன். அது துக்க வீட்டில் விழித்திருந்த மாதிரி. யாரும் தகவலுக்காக மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு முதல்வரின் உயிருக்காக உட்கார்ந்த அதே பதற்றத்தோடு, இன்றைக்கு ஏதோ ஒரு மாவட்டச் செயலாளர் கட்சி தாவுவாரா மாட்டாரா என்பதற்கும் உட்கார்ந்திருக்கிறோம். போன் வந்தபின் உட்காரக்கூட வேண்டியதில்லை. பஸ்ஸில், வரிசையில், படுக்கையில், எங்கே இருந்தாலும் "சற்றுமுன்" என்று ஒன்று வந்து தட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் பலருக்கும் தட்டுப்படுவதில்லை. அரசியலில் எதாவது உண்மையாகவே முடிவாகும் நாட்கள் ரொம்பக் குறைவு. சட்டமன்றம் கூடும் நாள், மசோதா வாக்கெடுப்புக்கு வரும் நாள், வழக்கு விசாரணைக்கு வரும் நாள், தேர்தல் ஆணையம் வைக்கும் கெடு, அரசிதழில் அறிவிக்கை வரும் நாள். அவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. நம்மைத் திணறடிப்பது அந்த நாட்கள் அல்ல. ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவில் உள்ள காலி இடத்தை நிரப்பக் கொட்டப்படும் சமாச்சாரம்தான்.

செய்தி முடிந்துபோன காலம்

"ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது: செய்தி முடியும். சில நிமிடங்களில் உலகமும் டெல்லியும் வானிலையும் முடிந்து, பாட்டு தொடங்கிவிடும். பேப்பருக்கும் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. டீக்கடையில் தினத்தந்தியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துப் படித்தவர்கள், தாள் சுற்றி வந்ததும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. ரேடியோ அரசாங்கத்துடையது. நெருக்கடி நிலைக் காலத்தில் பத்திரிகைகள் தணிக்கைக்குப் போய்த் திரும்பின. உள்ளூர் செய்தியை லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையில் கேட்டுத் தெரிந்துகொண்ட அவலமும் இங்கே இருந்தது. முடிவுள்ள செய்தி என்பது பல சமயம் முடக்கப்பட்ட செய்தியும்கூட.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 2000-த்தில் அதன் செய்திச் சேனல். 2007-ல் சன் டிவியின் மாறன் குடும்பத்தோடு பிணக்கு ஏற்பட்டதும் திமுகவுக்குக் கலைஞர் டிவி. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டிவி, 2014-ல் நியூஸ் 7, 2018-ல் அதிமுக பக்கம் நின்ற நியூஸ் ஜெ. ஒவ்வொன்றுக்கும் இருபத்து நான்கு மணி நேரம். தமிழ்நாட்டு அரசியலில் ஒரு நாளைக்கு அவ்வளவு நடப்பதில்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

நிருபரை ஊருக்கு அனுப்பினால் வண்டி, கேமரா, தங்குமிடம், இரண்டு நாள். விவாதத்துக்கு வேண்டியது ஒரு ஸ்டூடியோ, ஒரு நெறியாளர், நான்கு பெட்டியில் நான்கு முகம். "மூத்த பத்திரிகையாளர்", "அரசியல் விமர்சகர்" என்று பட்டியில் போட்டுவிட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மாவட்டத்தில் செய்தி சேகரிக்கிறவர் பல இடங்களில் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். அவருக்கு ஒரு விஷயத்தை மூன்று வாரம் துருவ வழியில்லை. ஆக, தகவல் குறைந்து கருத்து பெருகியது யாரோ செய்த சதி அல்ல. எது மலிவோ அது அதிகமாக விளைகிறது, அவ்வளவுதான்.

எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற டிஆர்பி ரேட்டிங்கைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். ரேட்டிங் மோசடிப் புகார் எழுந்து, 2020 அக்டோபரில் அதைக் கணக்கெடுக்கும் பார்க் அமைப்பு செய்திச் சேனல்களின் வாராந்தர ரேட்டிங்கை நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. நடுவில் சுமார் பதினேழு மாதம் ரேட்டிங்கே கிடையாது. அதனால் ஸ்டூடியோக்களில் சத்தம் குறைந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அதற்குள் யூடியூப் வேறு வந்துவிட்டது. அங்கே முகப்புப் படத்தின் மொழி எல்லோருக்கும் மனப்பாடம்: "அதிர்ச்சியில் அறிவாலயம்", "ஆடிப்போன எடப்பாடி", "தரமான சம்பவம்", "கதறும்" இன்னார். சிவப்பில் ஒரு அம்பு, மஞ்சளில் ஒரு வட்டம். திறந்து பார்த்தால் ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசுகிறார். யாரும் ஆடிப்போயிருக்க மாட்டார்கள்.

திணறல் என்பது கற்பனை அல்ல

ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் பல நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. செய்தியைச் சில சமயமோ அடிக்கடியோ வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017-ல் 29 சதவீதம். 2025-ல் 40 சதவீதம். இந்தியாவில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த, இணையத்தில் செய்தி படிக்கிறவர்களை. ஆகவே இதை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் "நான் நியூஸ் பாக்கறதயே விட்டுட்டேன் சார்" என்ற வாக்கியத்தைக் கேட்காத அலுவலகம் இங்கே இருக்காது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது ஒரு அமெரிக்க ஆய்வு. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் ஆய்வாளர்கள் 4,600-க்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அதற்கடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கடும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றமானவர்கள் அதிகம் பார்த்திருக்கலாம் என்று ஒரு மறுவாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. இருந்தாலும், நேரில் இருந்தவனுக்கு நிகழ்வு ஒருமுறை முடிந்தது, திரையில் பார்த்தவனுக்கு அது முடியவே இல்லை என்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

ஒரு வழக்கு, எட்டு தேதி

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட, ஒரு விவகாரத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஆளுநர் ஆர்.என். ரவி மசோதாக்களைக் கிடப்பில் போட்ட விவகாரம். இரண்டு வருடத்துக்கு மேல் தமிழ்ச் சேனல்களுக்குச் சோறு போட்டது இது. பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் அதிகம். என்ன முடிவானது என்று கேட்டால் சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு.

2023 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2020-லிருந்து அனுப்பிய 12 மசோதாக்கள் நிலுவையில் இருந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. நவம்பர் 13-ல் ஆளுநர் பத்து மசோதாக்களை ஒப்புதல் இல்லை என்று திருப்பினார். நவம்பர் 18-ல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி அந்தப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. நவம்பர் 28-ல் அவற்றை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

இது வரை ஒரே மாதம். அதன்பிறகு தீர்ப்புக்கு 2025 ஏப்ரல் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு ஆளுநரின் செயல் சட்டத்துக்கு மாறானது என்றது. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வகுத்தது. அந்த வாரமே அரசிதழில் சட்டங்கள் வெளியாகின. மே 13-ல் குடியரசுத் தலைவர், இப்படிக் காலக்கெடு விதிக்க முடியுமா என்பது உள்ளிட்ட 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கருத்துரைத்தது: ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் அளித்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமே இல்லாமல் காலவரையின்றி உட்கார்ந்திருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

எட்டு தேதி. இவற்றைத் தெரிந்தவருக்கு, விவகாரம் எங்கிருந்து எங்கே போனது, யாருக்கு என்ன கிடைத்தது, எது இன்னும் தொங்குகிறது என்பது தெரியும். மாணவர்களுக்கு இதில் என்ன என்றும் புரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி இந்த இழுபறியில்தான் காலியாகவே கிடந்தது.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் நாம் பார்த்தது என்ன? ஆளுநர் உரையிலிருந்து வெளிநடப்பு, தேநீர் விருந்துப் புறக்கணிப்பு, ஏதோ ஒரு விழாவில் ஆளுநர் சொன்ன வாக்கியம், அதற்கு அமைச்சரின் பதில், பதிலுக்குப் பதில். 2023 நவம்பர் 28-க்கும் 2025 ஏப்ரல் 8-க்கும் நடுவே பதினாறு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. எத்தனை ராத்திரி நான்கு பெட்டிகளில் நான்கு பேர் கத்தியிருப்பார்கள்! அத்தனையும் பார்க்காமல் விட்டிருந்தாலும் மேலே உள்ள மூன்று பத்தியில் ஒரு எழுத்து குறைந்திருக்காது.

எல்லா விவகாரமும் இப்படித் தேதியாகக் கோத்துவிடக் கூடியதல்ல, தெரியும். கூட்டணிப் பேச்சுவார்த்தைக்கு விசாரணைத் தேதி கிடையாது. கலவரமும் விபத்தும் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆனால் சட்டம், வழக்கு, பட்ஜெட், தேர்தல் என்று நம் வாழ்க்கையைத் தொடுகிற பெரும்பாலானவை நாள் குறித்துத்தான் நகர்கின்றன.

பின்னால் வரும் செய்தி

ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த 75 நாளையும் நாடே பார்த்தது. அவர் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சசிகலா உள்ளிட்டோர் மீது விசாரணை நடத்தலாம் என்று அது பரிந்துரைத்தது. சிகிச்சை சரியாகவே நடந்தது என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு ஏற்கெனவே சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

அதே நாளில் இன்னொரு அறிக்கையும் அவைக்கு வந்தது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூடு, 13 பேர் சாவு. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, தானே டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத்துறை அதிகாரியும் நிலவரத்தை உடனுக்குடன் அவருக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள், டிவி பார்த்துத் தெரிந்தது என்பது சரியல்ல என்று அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. துப்பாக்கிச்சூடு தேவையற்றது என்றும் சொன்னது. நான்கு வருடம் கழித்து வந்த இந்த இரண்டு வரிதான், அந்த விவகாரத்தில் ஒரு குடிமகன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அது வெளியான நாளில் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பலரும் அதற்குள் வேறு எதற்கோ கோபப்படப் போய்விட்டார்கள்.

முதல் நாள் செய்திக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை, கடைசி நாள் செய்திக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஆணைய அறிக்கை, கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை, தீர்ப்பின் இறுதிப் பக்கங்கள். முழுதும் படிக்க வேண்டியதில்லை; பரிந்துரைகள் இருக்கும் அத்தியாயம் போதும். முக்கியத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கத்தையும் உச்ச நீதிமன்றம் தன் இணையதளத்தில் போடுகிறது. தமிழாக்கம் சில இடங்களில் பல்லை உடைக்கும் என்றாலும், நான்கு பெட்டி விவாதத்தைவிடப் புரியும்.

சத்தமில்லாமல் போனது

சத்தம் அதிகமான இடத்தில்தான் முக்கியமானது நடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் இறுதியில் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 243-இ பிரிவு. நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2016-லிருந்து 2019 வரையிலும் இதே கதைதான், அப்போது வேறு கட்சி ஆட்சி. ஊர்த் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பான பல்லாயிரம் நாற்காலிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரும் இருக்கவில்லை. இரு பெரிய கட்சிகளுக்கும் இதில் சங்கடம் என்பதாலோ என்னவோ, அந்த ஜனவரியில் சட்டமன்றத்தில் ஆளுநர் உரை வாசிக்காமல் வெளியேறியதற்குக் கிடைத்த நேரத்தில் கொஞ்சம்கூட இதற்குக் கிடைக்கவில்லை.

நம்மைத் திணறடிக்கும் அளவுக்குச் செய்தி இருக்கிறது, ஆனால் நம் தெரு அதில் இல்லை. அரசியல் செய்தியில் களைத்துப்போனவர்களிடம் கேட்டால் டிரம்பிலிருந்து பழைய கூவத்தூர் ரிசார்ட் வரை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். தங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் கேட்டால் யோசிப்பார்கள்.

எதை நம்புவது, எதைத் தள்ளுவது

நடைமுறைக்கு வருவோம். உடனே வரும் அறிவுரை "நோட்டிஃபிகேஷனை அணையுங்கள்" என்பது. அணையுங்கள், நல்லதுதான். இரண்டு நிமிட வேலை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது செய்தி யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பற்றி. "கட்சி வட்டாரங்கள் தெரிவிக்கின்றன", "எனக் கூறப்படுகிறது", "தகவல் வெளியாகியுள்ளது" என்று முடியும் செய்தியில் சொன்னவர் யாருமில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் ஆழம் பார்க்க விட்ட நூல் அது. தலைப்பு கேள்விக்குறியில் முடிந்தால் அதைக் கேட்கிறவருக்கும் பதில் தெரியாது. இவற்றைத் தள்ளிவிட்டு, பெயரும் பதவியும் தேதியும் உள்ள செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டால், அன்றைய அரசியல் பக்கம் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் அடங்கும்.

சேனல் யாருடையது என்று தெரிந்தாலும் பாதிப் பாரம் குறைகிறது. கட்சிப் பத்திரிகையைத் தீண்டக் கூடாது என்பது என் வாதம் அல்ல. முரசொலியைச் செய்திக்காகப் படித்தால் ஏமாற்றம்தான். இந்த விஷயத்தில் திமுக என்ன நிலை எடுக்கப்போகிறது என்று அறியப் படித்தால் அதைவிட நேரான இடம் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரும் அப்படித்தான். தன் தரப்புக்குப் பாதகமான ஒன்றை ஒரு கட்சிச் சேனல் ஒப்புக்கொள்கிறது என்றால், அது ஏறக்குறைய உறுதியான செய்தி.

ஊகத்துக்கு ஒரு பாடம் 2024 ஜூனில் கிடைத்தது. ஜூன் 1 மாலை கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குக் கணிப்புகள் கொட்டின. பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன பல. 400 தொடும் என்றன சில. தமிழ்நாட்டிலும் அக்கூட்டணி கணக்கைத் தொடங்கும் என்று சில சொல்லின. ஜூன் 3-ல் பங்குச் சந்தை குதித்து ஏறியது. ஜூன் 4-ல் எண்ணியபோது கூட்டணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240. தமிழ்நாட்டின் 39 இடமும் திமுக கூட்டணிக்கு. சென்செக்ஸ் ஒரே நாளில் 4,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. வாக்குகள் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தன. மூன்று நாள் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை, அந்தக் கணிப்பை நம்பிப் பங்கு வாங்கியவர்களுக்குப் பணமும் மிஞ்சியிருக்கும்.

ஊகம் பணத்தைத்தான் தின்னும். வதந்தி ஊரைக் கலைக்கும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவற்றில் இருந்தன. பிகார் சட்டமன்றத்தில் பிரச்சினை எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து விசாரித்தது. தமிழ்நாட்டு டிஜிபி வீடியோவில் மறுத்தார். ரயில் நிலையங்களில் தெரிந்த கூட்டம் ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். பிகார் யூடியூபர் ஒருவர் பின்னர் கைதானார். திருப்பூரிலும் கோவையிலும் பனியன் கம்பெனிகளும் பவுண்டரிகளும் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

பொய் ஏன் முந்திக்கொள்கிறது? எம்ஐடி ஆய்வாளர்கள் 2006-லிருந்து 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். காரணம் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள். பொய்யில் புதுமை இருக்கிறது, அதிர்ச்சி இருக்கிறது, அனுப்பத் தோன்றுகிறது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறியது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு தடவைக்கு ஒரே ஒருவருக்கு அல்லது ஒரே ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும். குடும்ப குரூப்பில் அந்த இரட்டை அம்பு வந்தால் பெரியப்பாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். உண்மையாக இருந்தால் நாளைக்குப் பேப்பரில் பெயரோடு வரும். வராவிட்டால் சண்டையும் மிச்சம்.

அணைக்க முடியாதவர்கள்

"நிம்மதியாக இரு, செய்தியை விட்டுவிடு" என்பது செய்தியில் தன் பெயர் வராதவர்களுக்கு மட்டுமே எட்டும் ஆலோசனை. 2022-ல் பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. ஏகனாபுரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு அன்றிலிருந்து அரசியல் செய்தி என்பது வீட்டுப் பத்திரம். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள், ராத்திரி ராத்திரியாகப் போராடினார்கள்.

ஆனால் அவர்களுக்கும் காரியத்துக்கு உதவியது பிரேக்கிங் நியூஸ் அல்ல. நில எடுப்பு அறிவிக்கை பேப்பரில் பொடி எழுத்தில், சர்வே எண்களோடு, பட்டாதாரர் பெயர்களோடு வரும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க எத்தனை நாள் என்று அதில்தான் இருக்கும். டெண்டர் விளம்பரத்துக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவில் கிடக்கும் அந்தப் பகுதியை யாரும் வாசிப்பதில்லை. கெடு தாண்டினால் மறுக்கும் உரிமையின் ஒரு படி போய்விடும். கிராம சபை கூடும் நாட்களும் ஊரறிந்தவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

இதற்கு ஆகக் கிட்டத்தில் நடந்த சாட்சி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். எஸ்ஐஆர் என்ற மூன்றெழுத்தில் இரண்டு மாதம் விவாதம் ஓடியது. குடியுரிமைச் சோதனையா, கள்ள ஓட்டுக் களையெடுப்பா, யாருக்கு லாபம், யாருக்கு நட்டம். கேள்விகள் நியாயமானவைதான், நீதிமன்றம் வரைக்கும் போன கேள்விகள். அவற்றை விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு மாதத்தில் தேவைப்பட்டது மூன்று தேதிதான். 2025 அக்டோபர் 27-ல் தேர்தல் ஆணையம் அறிவித்தது. நவம்பர் 4-லிருந்து வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்குப் படிவத்தோடு வந்தார். கெடு தமிழ்நாட்டுக்கு இரண்டு முறை நீண்டு, டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியானார்கள். 97 லட்சம் பெயர் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சம், அதாவது பழைய பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று ஆணையம் காரணம் சொன்னது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் சென்னைக்காரருக்குத் தன் பெயர் எந்தக் கணக்கில் போனது என்பது எந்த விவாதத்திலும் தெரிந்திருக்காது. வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்டிய தாளிலோ இணையதளத்திலோ வாக்காளர் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பெயர் இல்லாவிட்டால் சேர்க்கப் படிவம் 6, முகவரியோ எழுத்துப்பிழையோ மாற்றப் படிவம் 8, இறந்துபோன தாத்தா இன்னும் பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லப் படிவம் 7. திருத்தம் முடிந்த பிறகும் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் வரை பெயர் சேர்க்க வழியுண்டு. பரிசீலனைக்கு நாள் வேண்டும் என்பதால் பத்து நாளாவது முன்பே கொடுத்துவிட வேண்டும்.